மூன்று பிரதிகளில் ஒரு மலை

நான்கு பெண்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சோறு தின்று, வயிறு நோகச் சிரித்து, பொழுது சாய வீடு திரும்புவதை இந்த நாட்டின் எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. இப்படியொரு காரியம் நடப்பது சட்டத்துக்குத் தெரியாது என்பதே காரணம். தெரியாமல் இருந்தவரை, மூன்று வருடம், ஒரு மாதமும் தவறாமல் அது நடந்தது.

அந்த நால்வரில் மூத்தவள் மரியகொரட்டி. நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் முப்பத்தொரு வருடம், கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகளுக்குத் தொட்டிலாட்டி ஓய்வு பெற்று, இப்போது கணவன் லூக்காஸுடன் ஹாலிஎலயில் இருக்கிறாள். இராக்கம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். இன்னும் அங்கேதான், மேற்பிரிவு லயத்தில் குடியிருக்கிறாள். ஸுலைஹா ஹாலிஎல கடைவீதியில் தையல்காரி. இளையவள் ஜெசிந்தினி, பாடசாலை டீச்சர். போனில் படம் எடுப்பது அவளுடைய பொறுப்பு. வேறு யாருக்கும் எந்தப் பொறுப்பும் இருக்கவில்லை. எங்கே போவதென்பதைப் பெரும்பாலும் பஸ்தான் தீர்மானித்தது. முதலில் வருகிற பஸ் எங்கே போகிறதோ அங்கே போனார்கள். அங்கே ஒரு மரம் கட்டாயம் இருந்தது.

மரியகொரட்டிக்கு மட்டும் ஓர் ஆசை இருந்தது. பிள்ளைமடுவத்து வாசலில் நின்றால் நமுனுகுல மலை முழுதாகத் தெரியும். கொழுந்து பறிக்கிறவர்களாவது அதன் இடுப்பு வரை ஏறி இறங்குவார்கள். அவள் தொட்டிலை விட்டு நகர்ந்ததில்லை. ஒரு பிள்ளை உறங்கினால் இன்னொரு பிள்ளை விழிக்கும். மலை தினமும் மேகத்தை உடுத்துவதும் களைவதுமாக இருந்தது. இப்போது வலது முழங்கால் தேய்ந்து, தை மாதம் சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதன் பிறகு படி ஏறலாம், மலை ஏறுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே தைக்கு முன்னால், இந்த மூன்று பேருடன், உச்சி வரை. தனியாக அல்ல. அவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டு "அங்க பாருடி" என்று சொல்ல ஆளில்லாவிட்டால் ஏறி என்ன பயன்?

இந்த நிலையில்தான் வைகாசி மாதத்தில், துன்ஹிந்த அருவிக்குப் போகும் பாதையில், சரோஜாதேவி அம்மையாரை அவர்கள் கண்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பத்தெட்டு வருடம் பதுளையில் அரச கடமையாற்றி, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. பிள்ளைகள் கனடாவில். ஒரு கல்லின்மேல் தனியே உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தார். இராக்கம்மாதான், "வாங்க மேடம், எங்களோட ஒரு வாய் சாப்பிடுங்க," என்று கூப்பிட்டாள். வந்தார். ஸுலைஹாவின் மாசிச் சம்பலைச் சாப்பிட்டார். இராக்கம்மா சொன்ன ஒரு பழைய கங்காணியின் கதைக்கு, ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாகக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கேட்டார்:

"நல்ல சோறு. இது என்ன அமைப்பு?"

"அமைப்பெல்லாம் இல்லைங்க மேடம். சும்மா வந்தோம்," என்றாள் மரியகொரட்டி.

"சும்மா எண்டால்? தலைவி ஆர்?"

"இல்லைங்க."

"செயலாளர்?"

இராக்கம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஒரு குரங்கு இருந்துச்சுங்க. இப்பத்தான் போச்சு."

சரோஜாதேவி அதற்கும் சிரித்தார். ஆனால் முகத்தில் கவலை வந்துவிட்டது. நான்கு பெண்கள் எந்தப் பதிவும் இல்லாமல் மூன்று வருடமாகச் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். ஏதாவது நடந்திருந்தால் யார் பொறுப்பு? அவர் கெட்டவர் அல்ல. தனக்குச் சோறு தந்தவர்களுக்குப் பதிலுக்கு ஏதாவது தர விரும்பினார். அவரிடம் கொடுப்பதற்கு இருந்தது பதிவு ஒன்றுதான். பதிவு செய்த சங்கம் என்றால் தான் கடமையாற்றிய அலுவலகத்தின் வேனைக் கேட்டு எடுக்கலாம், வேன் மலையடிப் பாதை முடியும் இடம் வரை போகும், பஸ்ஸை விட்டிறங்கி மூன்று மைல் நடக்க வேண்டியதில்லை என்று விளக்கினார். அதைக் கேட்டது மரியகொரட்டியின் காது அல்ல, முழங்கால். முழங்கால் உடனே சம்மதித்தது.

அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். சொன்னால் விளக்கம் கோரிக் கடிதம் வரும். அங்கே மகளிர் அமைப்புகளுக்குப் பொறுப்பாயிருந்த தனேஸ்வரன், சரோஜாதேவியிடம் வேலை பழகியவர். ஒரு கடிதத்தை அதற்கு முந்திய கடிதம் இல்லாமல் கையில் தொடவும் கூடாது என்பது அவரிடம் இவர் கற்ற பாடம். தனேஸ்வரன் எழுந்து நின்று வணங்கினார், நாற்காலி போட்டார், பிறகு குறைந்தது இருபத்தொரு அங்கத்தவர்கள் வேண்டும் என்றார். நான்கு பேர் சிரிக்கலாம்; ஓர் அமைப்பாக இருக்க முடியாது.

இருபத்தொருவரைச் சேர்த்தார்கள். இராக்கம்மாவின் இரண்டு மருமகள்கள், ஸுலைஹாவிடம் சட்டை தைக்கக் கொடுத்துக் காத்திருந்த ஏழு பேர், ஜெசிந்தினியின் பாடசாலை ஆசிரியைகள். லூக்காஸின் தமக்கை இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. கையெழுத்துப் போட மட்டும் முடியும் என்பதால் அவர் உடற்பயிற்சி இணைப்பாளரானார். 'ஊவா திறந்தவெளி உல்லாசப் பயண மகளிர் நட்புறவு மேம்பாட்டுச் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். சரோஜாதேவியைத் தலைவியாக்கி, சங்கத்துக்குச் சட்டதிட்டமாக ஒரு யாப்பு எழுதினார்கள். அதில் நட்பு என்பது 'அங்கத்தவர் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இடையில் நிலவுவதாகக் கூட்டறிக்கையில் பதியப்பட்ட நல்லுறவு' என்று வரையறுக்கப்பட்டது. வேலை இரட்டிப்பாகாமலிருக்க, இராக்கம்மாவை உணவு உபகுழுவிலும் ஸுலைஹாவைப் போக்குவரத்து உபகுழுவிலும் போட்டார்கள். இரண்டு உபகுழுக்களும் வெவ்வேறு நாட்களில் கூடின. இருபது வருடச் சிநேகிதிகள் ஒருவரையொருவர் காண்பது அதோடு குறைந்தது.

பொதுக்கூட்டத்துக்கு எல்லோருக்கும் வசதியான நாள் எது என்று தேடினார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அன்றைக்குத்தான் நால்வரும் எப்படியும் ஓய்வாக இருந்தார்கள், உல்லாசப் பயணம் போவதற்காக. ஆனியில் கூட்டம். ஆடியில் கூட்டம். காலை எட்டு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவளுக்கு அரைநாளை மட்டும் எழுதி 'அரைப்பேர்' போட்ட கங்காணியை முப்பது வருடம் வாயாரத் திட்டியவள் இராக்கம்மா. கூட்டத்துக்குப் பிந்தி வருபவர்களுக்கு அரைப்பேர் போட வேண்டும் என்று முன்மொழிந்தவளும் அவளேதான்.

"சங்கம்னா ஒரு ஒழுங்கு வேணும்ல," என்றாள் மரியகொரட்டியிடம், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஆவணியில் நாகரிகம் வந்தது. ஜெசிந்தினி போனில் பார்த்த பெண்கள் குழுக்கள் எல்லாம் ஒரே நிறத்தில் உடுத்து, ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்துப் படம் எடுத்திருந்தன. சேலையோடு மரத்தடியில் சப்பணமிட்டிருக்கும் படத்தை யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டது நியாயமாகவே பட்டது. இளம் ஊதா நிறத்தில் டீ-சேர்ட், அதே நிறத்தில் தொப்பி, மலை ஏறுவதற்கு மடக்குத் தடி. ஸுலைஹா இருபத்தொரு பேரின் அளவும் எடுத்தாள். சரோஜாதேவி சேலைக்கு மேல் டீ-சேர்ட்டை அணிந்து, தடியைக் கோப்புப் பிடிப்பதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

புரட்டாசியில் கொழும்பிலிருந்து ஒரு பயிற்றுநர் வந்தார். இயற்கையோடு இணைவது எப்படி என்று கற்பிப்பது அவர் தொழில். பாடசாலை முற்றத்தில் எல்லோரையும் நிறுத்தி, மலைக்காற்றை மூக்கால் இழுத்து வாயால் விடும் முறையைக் காட்டினார். பிறகு ஆளுக்கொரு மரத்தைக் கண்ணை மூடி அணைத்துக்கொள்ளச் சொன்னார். இராக்கம்மா அசையவில்லை. நாளுக்கு ஆயிரம் தேயிலைச் செடியாவது தன் வயிற்றில் உரசியிருக்கும், முப்பது வருடத்தில் ஒரு செடியாவது தன்னோடு இணைந்ததாகத் தெரியவில்லை என்றாள். பயிற்றுநர் அதைக் குறித்துக்கொண்டார். அவரே ஒரு மரத்தை அணைத்துக் காட்டினார். காட்டி முடித்தபோது காலில் இரண்டு அட்டைகள் அவரோடு இணைந்திருந்தன. எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. மரியகொரட்டி அதை வாங்கிக்கொண்டு, வேன் எப்போது என்று கேட்டாள். முறைப்படி அது அடுத்த கூட்டத்தின் விடயம்.

ஐப்பசியில் பயண முன்மொழிவை எடுத்துக்கொண்டு சரோஜாதேவியும் நால்வரும் தனேஸ்வரன் முன்னால் உட்கார்ந்தார்கள். மரியகொரட்டி அன்றைக்கு நல்ல சேலை கட்டியிருந்தாள். தனேஸ்வரன் வரைபடத்தை விரித்து, வருத்தத்தோடு தலையாட்டினார்.

"இந்தப் பாதைக்கு அனுமதி தர இயலாது மேடம். மண்சரிவு அபாய வலயம். மேற்பிரிவு லயத்துக்குப் பக்கத்துல சிவப்புப் பலகை போட்டிருக்கு. மீரியபெத்தையில மண்ணு சரிஞ்சு லயத்தையே மூடின பிறகு இதுல நாங்க கவனமா இருக்கணும்."

"அந்தப் பலகைக்கு அடுத்த வீடு எங்க வீடுங்க," என்றாள் இராக்கம்மா. "அதுலதான் துணி காயப் போடுறேன்."

தனேஸ்வரன் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "நீங்க அங்க வசிக்கிறீங்க அம்மா. வசிக்கிறதுக்கு அனுமதி தேவையில்ல. உல்லாசப் பயணம் போறதுக்குத்தான் தேவை."

"அப்ப மண்ணு சரிஞ்சா?"

"வசிக்கிறவங்களுக்கு வேற பிரிவு இருக்கு. மூணாம் மாடி."

"பலகை போடக்குள்ளேயே வேற எடத்துல வீடு தாறதாச் சொன்னாங்க. அது?"

"அதுவும் மூணாம் மாடிதான்."

"மூணாம் மாடிக்குப் போனேங்க. நாலு தரம் போனேன். பூட்டியிருக்கு."

"ஓமோம், பூட்டியாச்சு," என்றார் தனேஸ்வரன். "கூரை ஒழுகிச் சுவர் வெடிச்சிட்டுது. ஆபத்தான இடத்துல உத்தியோகத்தர்களை வச்சிருக்க ஏலாதுதானே."

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்தது. இராக்கம்மா யோசித்துவிட்டு, இப்படிச் செய்தால் என்ன என்று கேட்டாள்: இந்த மூன்று பேரும் தன் வீட்டில் வசிக்க வருகிறார்கள் என்று எழுதிக்கொள்ளட்டும், வசிக்கும்போதே மலை ஏறிவிட்டு வந்துவிடுவார்கள். தனேஸ்வரன் அதைச் சிரிக்காமல் பரிசீலித்தார். குடியேறுவதற்கு வேறு படிவம் என்றார்.

ஆனால் அவரும் கெட்டவர் அல்ல. ஆண்டு முடியப் போகிறது, சங்கத்தின் முன்னேற்ற அறிக்கையில் உல்லாசப் பயணங்கள் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. அது அவருக்கும் நல்லதல்ல. வெளியே அபாயம் இருப்பதால் திறந்தவெளிப் பயணத்தை அலுவலக மண்டபத்துக்குள் நடத்தலாம் என்று வழி சொன்னார். சரோஜாதேவியின் முகம் மலர்ந்தது. கார்த்திகையின் கடைசி ஞாயிறு என்று அப்போதே குறித்தார்கள்.

அப்படியே நடந்தது. வேனும் வந்தது, அச்சகத்திலிருந்து பதாகையை ஏற்றிக்கொண்டு வந்தது. இருபதடி அகலத்தில் நமுனுகுல மலை, நீல வானத்தோடு. மேடையில் அதை விரித்துக் கட்டியபோது இருபது ஊதாத் தொப்பிகளும் அண்ணாந்து பார்த்தன. மண்டபத்தின் தென்கிழக்கு ஜன்னலில் உண்மையான நமுனுகுலவும் தெரிந்தது. அதன் வெளிச்சம் பதாகையில் அடித்து மலை படத்தில் விழாமல் போகிறது என்று ஜெசிந்தினி சொன்னதால், ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். மடக்குத் தடிகளோடு வரிசையாக நின்று, நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் நடந்தார்கள். சாப்பாடு மூடிய பெட்டிகளில் வந்தது. சுகாதார காரணங்களுக்காக ஒருவர் பெட்டியிலிருந்து மற்றவர் எடுக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். இராக்கம்மா உணவு உபகுழுவோடு அந்தக் கோடியில். ஸுலைஹா போக்குவரத்து உபகுழுவோடு இந்தக் கோடியில்.

மரியகொரட்டி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போகிறவள் போல வெளியே வந்து, பஸ் ஏறிவிட்டாள்.

பஸ்ஸை விட்டிறங்கி மூன்று மைல், அதற்கு மேல் தேயிலை மலை ஊடாக ஒற்றையடிப் பாதை. முழங்கால் அதிசயமாக ஒத்துழைத்தது. கடைசித் தேயிலைச் செடியையும் தாண்டி, மானாப் புல் தொடங்கும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மேகம் விலகியது. கீழே பிள்ளைமடுவத்தின் தகரக்கூரை ஒரு தீப்பெட்டி அளவில் கிடந்தது. தூரத்தில் பதுளை டவுன். "அங்க பாருடி," என்றாள். காற்று அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் போயிற்று. பெட்டியைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். யாருடைய கறியோடும் ஒப்பிட்டுப் பேச முடியாத கறியில் ருசி இல்லை. உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதை மூன்று பேருக்காக மிச்சம் வைத்துவிட்டு இறங்கினாள்.

நடந்ததை அந்த வாரமே நடந்த உபகுழுக் கூட்டத்தில் அவளே போய்ச் சொன்னாள், மறைக்கத் தோன்றவில்லை. சரோஜாதேவிக்கு மனவருத்தம்தான், ஆனால் யாப்பு யாப்புதான். 'சங்கத்தின் உல்லாசப் பயணம் நடைபெற்றுக்கொண்டிருந்தபோது அனுமதியின்றி வெளியே சென்றமை' என்று குற்றப்பத்திரம் எழுதப்பட்டு, மார்கழி முதல் ஞாயிறு விசாரணைக் கூட்டம் கூடியது.

"உச்சி வரை போனீங்களோ?" என்று கேட்டார் சரோஜாதேவி.

"இல்லைங்க மேடம்."

"அப்ப முயற்சி எண்டு எழுதுவம். அது கொஞ்சம் குறைஞ்ச குற்றம்."

குறைந்த குற்றத்துக்கும் தண்டனை சங்கத்திலிருந்து நீக்குவதுதான். ஆனால் முடிவெடுக்கப் பதினொரு பேர் வேண்டும்; வந்திருந்தது பத்துப் பேர். பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, பாடசாலைப் பரீட்சை. கூட்டத்தை ஒத்திவைத்தால் எல்லோரும் இன்னொரு ஞாயிறு வர வேண்டும். இராக்கம்மாவின் கடைசி பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது; அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜாதேவி யாப்பை இரண்டு தரம் வாசித்து, நீக்கப்படும் வரை குற்றஞ்சாட்டப்பட்டவரும் அங்கத்தவரே என்று கண்டுபிடித்தார். மரியகொரட்டி இராக்கம்மாவைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், கையை உயர்த்தினாள். பதினொரு கைகள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இராக்கம்மாவுக்கு பஸ் கிடைத்தது.

இனி மரியகொரட்டி எங்கே வேண்டுமானாலும் போகலாம். கூட வர யாரும் இல்லை; அங்கத்தவர்கள் அனுமதி இல்லாத பயணம் போகக் கூடாது. இரண்டு ஞாயிறு ஹாலிஎல பஸ் நிலையத்தில் சும்மா நின்று பார்த்தாள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்கு வந்தாள். என்ன யோசனை என்று லூக்காஸ் கேட்டபோது, வெள்ளைத்தாள் ஒன்றில், தன்னை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி பணிவன்புடன் விண்ணப்பம் எழுதினாள்.

அங்கத்துவ விண்ணப்பங்களை அலுவலகம்தான் வாங்கும்; அதற்குப் புதன்கிழமைதான் பொதுமக்கள் தினம். அலுவலக முற்றத்து மாரா மரத்திலிருந்து கேற் வரை வரிசை நின்றது. மதியம் தாண்டும் என்று தெரிந்து சோறு கட்டிக்கொண்டு போயிருந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் இராக்கம்மா நின்றாள். அவளுக்கு முன்னால் ஸுலைஹா. ஜெசிந்தினியும் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்று பேர் கையிலும் ஆளுக்கொரு விண்ணப்பம்.

"என்னடி இது?" என்றாள் மரியகொரட்டி.

"எங்களையும் நீக்கச் சொல்லித்தான். உன்னோட மலைக்குப் போகணும்ல," என்றாள் இராக்கம்மா. "ஒன் கையில என்ன?"

மரியகொரட்டி காட்டினாள். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்து, எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்பட்டால் அவள் உள்ளேயும் மற்றவர்கள் வெளியேயும் இருப்பார்கள் என்பதைப் புரிந்துகொண்டார்கள். ஸுலைஹாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மரத்தடியில் பேப்பரை விரித்து உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தபோது, வரிசையின் கடைசியில் இருந்து சரோஜாதேவியும் வந்து சேர்ந்தார். உள்ளே நேராகப் போகக்கூடிய மனிதர், வரிசையில் நின்றிருந்தார். கையில் ராஜினாமாக் கடிதம்.

"நீங்கள் நாலு பேரும் போனால் எனக்கு அதில ஆர் இருக்கினம்?" என்றார். பிறகு முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, "முப்பத்தெட்டு வருசம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தனான். இந்தப் பக்கம் இவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு தெரியாது," என்றார்.

இராக்கம்மா அவருக்கு ஓர் உருண்டைச் சோறு பிடித்துக் கொடுத்தாள். சம்பல் கை மாறியது. தேநீர் குடிக்க வெளியே வந்த தனேஸ்வரன் இதைக் கண்டு நின்றார். திறந்தவெளி. மகளிர். நட்புறவு. நிபந்தனைகள் எல்லாம் பூர்த்தி. போனை எடுத்து இரண்டு படம் எடுத்து, அறிக்கையின் வெறுமையான கட்டத்தை நிரப்பப் போனார். போகிற போக்கில், விண்ணப்பங்கள் மூன்று பிரதிகளில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த புதன் வாருங்கள் என்றார். யாரும் கவலைப்படவில்லை. அடுத்த புதன் யார் என்ன கறி கொண்டுவருவது என்று பேசினார்கள்.

அப்போது கேற்றுக்கு முன்னால், வழமைக்கு மாறாக நேரத்துக்கு, நமுனுகுல பஸ் வந்து நின்றது. பாதிக்கு மேல் இருக்கைகள் காலி. வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. மழை இன்னும் மூன்று நாளைக்கு இல்லை. நடத்துநர் இறங்கி நின்று ஊர்ப் பெயர்களைக் கூவினான். ஐந்து பேரும் பேச்சை நிறுத்தி அந்த பஸ்ஸைப் பார்த்தார்கள். சோறு மிச்சம் இருந்தது, பகல் மிச்சம் இருந்தது, முழங்காலுக்குத் தை பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜெசிந்தினி பாதி எழுந்தாள்.

"வரிசையில எடம் போயிருமே," என்றது ஒரு குரல்.

ஜெசிந்தினி உட்கார்ந்துவிட்டாள். பஸ் புறப்பட்டு, முடக்கில் திரும்பி மறைந்தது. பேசியது தன்னுடைய குரல் என்பது அதற்குப் பிறகுதான் மரியகொரட்டிக்குத் தெரிந்தது.